பிழைக் கொப்பி

அவர் யாரைக் கண்டாலும் சுகம் விசாரிக்கமாட்டார். "தங்கச்சி, இப்ப என்ன பாக்கிறீங்கள்?" என்றுதான் கேட்பார்.

ஜெர்மனியில், எர்லாங்கன் என்ற ஊரில் ஒரு கம்பனிக் கட்டடத்தில் நாங்கள் இரண்டு பேரும் துப்புரவு வேலை செய்தோம். காலை ஐந்தரைக்குத் தொடங்கவேண்டும். எனக்குக் கழிப்பறைகள், அவருக்குக் குப்பைக்கூடைகள். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாளிக்குத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருப்பேன். வீட்டில் பிள்ளைகளை என் மனிசன் எழுப்பினாரோ இல்லையோ என்று மனம் அடித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில்தான் இந்தக் கேள்வி.

"ஒண்டும் பாக்கேல்லை அண்ணை. பாக்க எங்க நேரம்?"

"அப்ப நான் சொல்லுறன், கேளுங்கோ."

நான் கேட்கிறேனா இல்லையா என்பது அவருக்குப் பொருட்டில்லை. போன கிழமை ஒரு பேய்ப்படம் என்றால் இந்தக் கிழமை ஒற்றைக்கைத் துப்பறிவாளனின் சித்திரக்கதை. அது முடிய, நிலாவில் சுரங்கம் தோண்டுகிறவர்களைப் பற்றி வியாழக்கிழமைகளில் ஸ்டேஷன் கடைக்கு வரும் மெல்லிய புத்தகம். எப்போதும் ஏதாவது ஒன்றில் பைத்தியமாக இருப்பார். நாற்பத்தெட்டு வயது மனிதர். தலையில் பாதி மயிர் இல்லை. குப்பைக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, விண்கலம் எப்படித் திரும்பியது என்று மற்றக் கையால் காட்டுவார். இந்தியாவில் இருந்து வந்த எஞ்சினியர் பெடியள் சைக்கிளில் வந்து இறங்குவார்கள். "சார், அடுத்த வாரம் என்ன சார் ரிலீஸ்?" என்று ஒருத்தன் கேட்பான். பகிடி பண்ணுகிறான் என்று எனக்கு விளங்கும். அவர் அதற்கும் நின்று பதில் சொல்லுவார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும்.

கதை ஒன்று பிடித்துவிட்டால் அவர் அதில் பிழை தேடுவார். பிடிக்காத கதையில் தேடவே மாட்டார். "அதுக்கு அந்த மரியாதை குடுக்கக் கூடாது" என்பார். கட்டம் போட்ட பள்ளிக்கூடக் கொப்பிகள் வைத்திருந்தார். கதையின் பெயர், எத்தனையாவது பகுதி, என்ன பிழை. ஒற்றைக்கைத் துப்பறிவாளன் முப்பத்தோராம் பக்கத்தில் இரண்டு கையாலும் காலில் சப்பாத்து நூல் கட்டுகிறான். பேய்க்குக் கண்ணாடியில் உருவம் விழாது என்று சொன்ன படத்தில், அதே பேய்க்குக் குளத்தில் உருவம் விழுகிறது. இப்படி ஒன்றைப் பிடித்த நாளில் அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். பெட்டை பார்க்கப் போய் வந்த மாப்பிள்ளை மாதிரி இருப்பார்.

"இந்த இடத்தில எழுதினவன் நித்திரையாப் போனான், தங்கச்சி." இதுதான் அவர் வாயில் எப்போதும். வேலை அட்டவணையில் மேற்பார்வைக்காரி என்னை ஒரே நேரத்தில் இரண்டு மாடியில் போட்டிருந்தாலும் இதையேதான் சொல்வார்.

பிழைகளை எழுதி அனுப்பவும் செய்வார், ஜெர்மன் மொழியில். அவருடைய ஜெர்மன் முழுக்க அந்தப் புத்தகங்களில் பொறுக்கியது. குசினிக் குழாய் ஒழுகுகிறது என்று வீட்டுக்காரனுக்குச் சொல்லத் தெரியாது. விண்கலத்தின் வெளிச்சுவரில் வெடிப்பு என்று சொல்லத் தெரியும். ஒருமுறை நிலாச் சுரங்கப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், வாசகர் கடிதங்களுக்குள் அவருடைய கடிதத்தைப் போட்டார்கள். கீழே ஒரே வரியில் பதில்: நீங்கள் சொல்வது சரி, நன்றி. அதை வெட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு, பர்சில் டுல்டுங் கடதாசிக்குப் பின்னால் வைத்திருந்தார். டுல்டுங் விசா அல்ல. உன்னை ஏற்கவில்லை, ஆனால் இப்போதைக்குத் திருப்பி அனுப்பவும் இல்லை, அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் வரிசையில் நின்று அதை நீட்டவேண்டும். பதினைந்து வருடமாக நீட்டிக்கொண்டிருந்தார். இந்த நாட்டில் அவருக்கு 'நீங்கள் சொல்வது சரி' என்று எழுதிக் கொடுத்தது அந்தப் புத்தகக்காரன் மட்டும்தான்.

அவருக்கு ஒரே ஒரு அறை. பெரிய தொலைக்காட்சிப் பெட்டி, இரண்டு வீடியோ டெக், சுவர் உயரத்துக்குச் சித்திரக்கதைகள். எல்லாம் தெருவில் எடுத்தவை. சனங்கள் பழைய சாமான்களை வீட்டுக்கு வெளியே வைக்கும் நாள் ஒன்று இருக்கிறது. அன்றைக்கு அவர் லீவு எடுத்துக்கொண்டு கைவண்டியோடு அலைவார். இருக்க ஒரே ஒரு கதிரை. அதில் வந்தவர்களை இருத்திவிட்டு, தான் கட்டில் விளிம்பில் இருப்பார்.

வந்தவர்கள் என்றால், விசாரணைக்குப் போக இருந்தவர்கள். அகதி விண்ணப்பம் போட்டவர்களை அலுவலகம் ஒரு நாள் கூப்பிடும். என்ன நடந்தது, ஏன் வந்தாய் என்று மணிக்கணக்காகக் கேட்பார்கள். முன்னுக்குச் சொன்னதும் பின்னுக்குச் சொன்னதும் இடித்தால் துலைந்தது. "அந்த விசாரணை டெர்மினுக்கு முன்னம் படக்கார அண்ணையிட்ட ஒருக்காச் சொல்லிப் பார்" என்று அகதி விடுதியில் ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிவிட்டார்கள். சனி, ஞாயிறில் வருவார்கள். அலுவலகக் கடிதங்களை மொழிபெயர்க்கவும் தேத்தண்ணி போடவும் சிலவேளை நான் போவேன்.

ஒருநாள் மன்னாரில் இருந்து வந்த மீன்பிடிகாரர் ஒருத்தர் இருந்தார்.

"ஆமி வீட்டைச் சுத்தி வளைச்சது. நித்திரையில இருந்து எழும்பி, பின்வேலியால பாய்ஞ்சு ஓடினன்."

"செருப்புப் போட்டிருந்தனீங்களோ?"

"ஓம்."

"நித்திரைக்குச் செருப்போடயோ போறனீங்கள்?"

மனிதர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"போன மாசம் வந்த ரெண்டு பேரும் இதே வேலியாலதான் பாய்ஞ்சவை. அந்த வேலி இன்னும் விழேல்லையோ?"

நான் சிரித்துவிட்டேன். மீன்பிடிகாரர் சிரிக்கவில்லை. கையால் முகத்தை மூடிக்கொண்டார். காசுக்கு ஆட்களை வெளிநாடு கொண்டுவரும் ஏஜென்சிக்காரன் வழியிலேயே எல்லோருக்கும் ஒரே கதையைப் பாடமாக்கிவிட்டிருந்தான். பிறகு மீன்பிடிகாரர் தனக்கு உண்மையில் நடந்ததைச் சொன்னார். வேலிக் கதையைவிட மோசமானது. அதை இங்கே எழுதமாட்டேன். அவர் குழறிக் குழறிச் சொல்ல, இவர் கொப்பியை மடியில் வைத்து, "அதுக்கு முன்னம்?", "அதுக்குப் பிறகு?" என்று கேட்டு வரிசைப்படுத்தினார். ஒரு பொய்யும் சேர்க்கவில்லை என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஓட்டை இருந்த இடத்தில் அடைத்தார். எந்த பஸ், என்ன நிறம், யார் பக்கத்தில் இருந்தது என்று நினைவில்லாதவர்களுக்கு நினைவு செய்து கொடுத்தார்.

இதற்கெல்லாம் அவர் கேட்ட கைம்மாறு ஒன்றுதான். வந்தவர் கூட இருந்து ஒரு பகுதியாவது பார்க்கவேண்டும். அப்போது அவர் பனித் தொடரில் விழுந்திருந்தார். வேறொரு கிரகத்தில், பனிக்கு அடியில் ஒரு நகரம். நூறு பேர். அதில் ஒருத்தர் காற்றுக் குழாய்களின் பூட்டு இலக்கங்களை எதிரிக்குக் கொடுக்கிறார். யார் என்று தெரியாது. சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குப் போகும். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், உடம்பெல்லாம் தழும்பு உள்ளவர்கள், ஒரு சொல் ஜெர்மன் தெரியாதவர்கள், அந்த ஒற்றைக் கதிரையில் இருந்து பனிக்கட்டியைப் பார்த்தார்கள். விளம்பரம் வரும்போது இவர் கதை சொல்லுவார். மீன்பிடிகாரர் முழுவதும் பார்த்துவிட்டு, "அண்ணை, அதுக்குள்ள மீன் இருக்குமோ?" என்று கேட்டார். இவருக்கு அப்படிச் சந்தோசம். அதையும் கொப்பியில் எழுதினார்.

மீன்பிடிகாரருக்கு விசா கிடைத்தது.

என் தம்பி சுதன் வந்தது இதற்கு அடுத்த வருடம். ஊரில் சண்டை திரும்பத் தொடங்கியிருந்தது. அவனுக்கு இருபத்துநாலு வயது. பக்கத்து ஊர் விடுதியில் போட்டிருந்தார்கள். விசாரணைக்கு நாள் வந்ததும் நானே அவனை அந்த அறைக்குக் கூட்டிப் போனேன். இதை நான் மறைக்கவில்லை. நான்தான் கூட்டிப் போனேன்.

சுதன் ஏஜென்சிக்காரனின் கதையைச் சொல்லவில்லை. தன்னுடையதையே சொன்னான். வேலைக்குப் போகும்போது பின்டயர் பஞ்சராகிக் காற்றுப் போய்விட்டது. சைக்கிளை உருட்டிக்கொண்டு போனவனை ஆமியின் சென்றிக் காவலரணில் பிடித்தார்கள். பதினொரு நாள் வைத்திருந்தார்கள். ஒரே ஆமிக்காரன்தான் ஒவ்வொரு நாளும் வந்து அடித்தான். பன்னிரண்டாம் நாள் காலை அதே ஆமிக்காரன் கதவைத் திறந்து "போ" என்றான். வெளியே சைக்கிள் நின்றது. காற்று அடித்திருந்தது. ஏறி வந்துவிட்டான்.

அண்ணை எழுதுவதை நிறுத்தினார். "பஞ்சர் எண்டனீர்?"

"ஓம் அண்ணை. ஒட்டியிருந்தது."

"ஆர் ஒட்டினது?"

"தெரியாது."

"நீர் கேக்கேல்லையோ?"

"நிண்டு கேக்கிற இடமோ அண்ணை அது?"

நான் குறுக்கிட்டேன். "இதை ஆர் நம்புவான்? அடிச்சவன் பஞ்சர் ஒட்டிக் குடுத்தானாம். பெரியப்பா தெரிஞ்ச ஆளைப் பிடிச்சு வெளியில எடுத்தவர் எண்டு சொல்லட்டும். சைக்கிளை விடட்டும். அண்ணை, அதைக் கொஞ்சம் திருத்தி விடுங்கோ."

"தொடாதேங்கோ." என்னிடம் அவர் அப்படிக் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "ஒரு எழுத்தும் தொடாதேங்கோ. எவ்வளவு கதை பாத்திட்டன், எவ்வளவு வாசிச்சிட்டன். கதை எழுதிற ஒருத்தனும் இதை எழுதமாட்டான். எழுதேலாது. அதாலதான் இது உண்மை எண்டு தெரியுது. கேக்கிறவனுக்கும் தெரியும்."

"தெரியாட்டி?"

"தெரியும் தங்கச்சி. சைக்கிளை எடுத்தா மிச்சம் எல்லாம் எல்லாரும் சொல்லுற கதை."

நான் தலையாட்டினேன். இத்தனை பேருக்குச் சரியாகச் சொன்னவர் என்ற நம்பிக்கை. அலுவலகத்தில் இருக்கிறவனும் தன்னைப்போல ஒரு பைத்தியம், கதை என்றால் கண் திறந்து கேட்பான் என்று அந்த மனிதர் நினைத்தார். அவருடைய வாழ்க்கையிலேயே பெரிய பிழை அதுதான். கொப்பியில் அதை எழுதியிருக்கமாட்டார்.

முடிவு வர எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் சுதன் சனிக்கிழமைகளில் அங்கேதான். வேலை செய்ய அனுமதி இல்லை, படிக்க இடம் இல்லை, விடுதி அறையில் நாலு பேர். பனித் தொடரின் பழைய பகுதிகளை எல்லாம் அவர் அவனுக்குப் போட்டுக் காட்டினார். இரண்டு பேரும் சண்டை பிடிப்பார்கள். தொடரில் ஒரு பெண் டொக்டர் இருந்தாள், அவள்தான் காட்டிக்கொடுக்கிறாள் என்று எல்லோருக்கும் சந்தேகம் வரும்படி எடுத்திருந்தார்கள். சுதன் அவள் இல்லை என்பான்.

"நீர் அவவின்ர கண்ணைப் பாத்துச் சொல்லுறீர் தம்பி."

"இல்லை அண்ணை, அவ முதலாம் பகுதியில நாய்க்குச் சாப்பாடு வைச்சவ."

"நாய்க்குச் சாப்பாடு வைக்கிறவன் காட்டிக்குடுக்கமாட்டானோ? நல்ல சட்டம்!"

தம்பி சிரித்ததை நான் அந்த அறையில்தான் பார்த்தேன். அதனால்தான் எனக்கு இன்னும் கூட ஆத்திரம் வருகிறது.

முடிவுக் கடிதம் பதினாலு பக்கம். நிராகரித்திருந்தார்கள். பதினொரு நாள் தடுத்து வைத்து அடித்த படையினர் காரணமில்லாமல் விட்டார்கள் என்பதும், விண்ணப்பதாரருடைய சைக்கிளைப் பழுதுபார்த்துக் கொடுத்தார்கள் என்பதும் நம்பத்தக்கது அல்ல என்று ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. நான் அதை வாசித்துவிட்டு நேரே அவருடைய அறைக்குப் போனேன். கடிதத்தைக் கட்டிலில் எறிந்தேன்.

"வாசியுங்கோ. உங்கட ஆள் கண் திறந்து கேட்டிருக்கிறான்."

அவர் நின்றபடியே வாசித்தார். பிறகு கட்டில் விளிம்பில் இருந்துகொண்டு, சிவப்புப் பேனையை எடுத்தார்.

"நாலாம் பக்கத்தில பதினொரு நாள். பத்தாம் பக்கத்தில பத்து நாள். பாத்தீங்களோ? இஞ்ச சைக்கிள் எண்டு போட்டு, இஞ்ச மோட்டார்சைக்கிள் எண்டு..."

"இது உங்கட நிலாப் புத்தகமில்லை!" என்று கத்தினேன். "என்ர தம்பி! நான் அண்டைக்கே சொன்னனான் திருத்தச் சொல்லி. ஊரார் எல்லாருக்கும் ஓட்டை அடைச்சுக் குடுத்தீங்கள். என்ர வீட்டுக்கு மட்டும் ஏன் ஞானம் வந்தது?"

அவர் பேனையை மூடினார். அன்றைக்குத்தான் தன் விசாரணையைப் பற்றிச் சொன்னார். "என்ர வீட்டுக்கு ஆமி ரெண்டு தரம் வந்தது. காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா. ரெண்டு தரம் எண்டா குழம்புவாங்கள், ஒண்டாச் சொல்லு எண்டு கூட இருந்தவன் சொன்னான். ஒண்டாக்கினன். முதல் காலமை எண்டு சொல்லிப்போட்டன், பிறகு பின்னேரம் எண்டு சொல்லிப்போட்டன். பொய்காரன் எண்டு எழுதினாங்கள். உண்மையைத் திருத்தினா அது வாயில நிக்காது, தங்கச்சி. அதாலதான்..."

"உங்களுக்கு நிண்டிருக்காது. அவனுக்கு நிண்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். படக்காரன் ஏன் இப்படிக் கதைப் பைத்தியம் ஆனான் என்று இதை வைத்து என் மனிசன் ஒரு விளக்கம் சொல்லுவார். எனக்கு விளக்கம் வேண்டாம்.

கடிதத்தில் இருந்த பிழைகளை எல்லாம் அவர் இலக்கம் போட்டு எழுதி, பதிவுத் தபாலில் அலுவலகத்துக்கு அனுப்பினார். ஒரு பிரதியைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். நிராகரிப்புக்கு எதிராக வழக்குப் போட்டிருந்தோம்; நான் அதை வழக்கறிஞரிடம் கொடுத்தேன். அவர் வழக்குக் கோப்பில் சேர்த்தார். நீதிமன்றத்தில் நீதிபதி அந்தப் பிழைகளைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று: அவர்கள் ஏன் சைக்கிளைத் திருத்திக் கொடுத்தார்கள்? முந்தின நாளே நான் தம்பிக்குச் சொல்லியிருந்தேன், ஏதாவது ஒன்றைச் சொல்லடா என்று. அவன் நீதிபதியைப் பார்த்து, "எனக்குத் தெரியாது" என்றான். மொழிபெயர்ப்பாளர் அதை ஜெர்மனில் சொன்னார். அவ்வளவுதான்.

பனித் தொடரில் இன்னும் இரண்டு பகுதி இருந்தது. அதற்கு முன்னம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பொலிஸ் விடுதிக்கு வந்து சுதனைக் கொண்டுபோய் விமானத்தில் ஏற்றிவிட்டது.

கொழும்பில் இருந்து இரண்டு தரம் தொலைபேசி எடுத்தான். முதல் தரம், வந்து சேர்ந்துவிட்டேன், ஒரு லொட்ஜில் நிற்கிறேன் என்றான். இரண்டாம் தரம் எடுத்தபோது குரல் சரியில்லை. ஊருக்குப் போக வழி இல்லை, ஒவ்வொரு நாளும் யாராவது வந்து பொலிஸ் பதிவு பார்க்கிறார்கள் என்றான். வைக்கப் போகும்போது, "அக்கா, அண்ணையைக் கண்டா கேளுங்கோ, அந்த டொக்டர் பொம்பிளையோ காட்டிக்குடுத்தது?" என்றான்.

எனக்கு அப்போது அவரோடு பேச்சு இல்லை. வேலையில் மாடி மாற்றிக் கேட்டு வாங்கியிருந்தேன். "உனக்கு இப்ப அதோ முக்கியம்?" என்று ஏசினேன். "இல்லை அக்கா, சும்மா" என்றான்.

மூன்றாம் தரம் அவன் எடுக்கவில்லை. லொட்ஜுக்கு எடுத்தோம். அப்படி ஒருத்தர் இல்லை என்றார்கள். பிறகு, இருந்தவர், ஒருநாள் வெளியே போனவர், வரவில்லை என்றார்கள். எழுதாத இடம் இல்லை. ஊரில் சண்டையும் முடிந்தது. எந்தப் பெயர்ப் பட்டியலிலும் அவன் இல்லை.

அந்த நேரத்தில் அண்ணைக்கு விசா கிடைத்தது. அவர் சொன்னதை நம்பி அல்ல. கனகாலம் இங்கே இருந்துவிட்டார், வேலை செய்கிறார் என்று பழைய ஆட்களுக்குக் கொடுத்ததில் அவருக்கும் கொடுத்தார்கள். வேறு ஊருக்குப் போகப்போகிறார் என்று கேள்விப்பட்டேன். அவருடைய கடைசிக் கிழமையில் ஒருநாள் காலை, ஏழு மணி இருக்கும், படிக்கட்டில் அவரைப் பிடித்தேன். இரண்டு கையிலும் குப்பைப் பைகள். மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் ஒன்றும் கேட்கவில்லை. என்ன பார்க்கிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

"அண்ணை, பனித் தொடர் எப்பிடி முடிஞ்சது? காட்டிக்குடுத்தது அந்த டொக்டர் பொம்பிளையோ?"

அவர் என்னைப் பார்த்தார். பைகளைக் கீழே வைத்தார். யார் கேட்கச் சொன்னது என்று அவருக்கு விளங்கிவிட்டது. படியில் இருந்துகொண்டு கடைசி இரண்டு பகுதியையும் சொன்னார். கையை ஆட்டவில்லை. கதவு திறந்தது, தண்ணீர் வந்தது, யார் யார் செத்தார்கள் என்று ஒவ்வொன்றாக, வாக்குமூலம் கொடுக்கிறவர் மாதிரி சொன்னார். எஞ்சினியர் பெடியள் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

"அவ இல்லை" என்றார் கடைசியில். "சமையல்காரன். தம்பி சொன்னது சரி."

"பிழை ஒண்டும் இல்லையோ?"

"இருக்கும். நான் கொப்பி எடுக்கேல்லை, தங்கச்சி."

குப்பைப் பைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். பிறகு நான் அவரைக் காணவில்லை. மன்னிப்புக் கேட்டாரா என்று என் மனிசன் கேட்டார். கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நாங்கள் இரண்டு தரம் வீடு மாறிவிட்டோம். தொலைபேசி இலக்கத்தை மட்டும் மாற்றவில்லை. அது சுதனுக்கு மனப்பாடம். எடுத்தால் முதலில் இதைத்தான் சொல்லுவேன்: அவள் இல்லையடா, சமையல்காரன். நீ சொன்னது சரி.